வீட்டுமொழி, இரண்டாம் தாள்

டிசம்பரில் டர்பனில்
கடலுக்கே வியர்க்கும்.
பள்ளி மண்டபத்தில் நாற்பது பேர் திருத்துகிறோம்,
ஆளுக்கொரு சிவப்புப் பேனா, ஆளுக்கொரு கட்டு.
உறையின் மேல் அச்சிட்டிருக்கிறது:
வீட்டுமொழி – ஆங்கிலம்.
யார் வீட்டில் என்று
எந்தக் கேள்வியிலும் இல்லை.

நான் திருமதி படையாச்சி.
முப்பாட்டன் கப்பலிறங்கியபோது
துறைமுகக் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதிக்கொண்ட பெயர்.
அடுத்த கப்பலில் அவர் தம்பி.
வேறு குமாஸ்தா, வேறு காது.
இன்று ஒரே குடும்பத்தில் ஐந்து ஸ்பெல்லிங்,
ஒவ்வொரு கல்யாணப் பத்திரிகைக்கும் ஒரு தகராறு.
அச்சு வருமுன் ஆங்கிலமும் அப்படித்தான் கிடந்ததாம்,
ஊருக்கொரு எழுத்தாய்,
ஒரே ஆள் ஒரே பக்கத்தில் மூன்று விதமாய்.

நைட் என்ற குதிரைவீரனுக்கு முன்னால்
ஊமையாய் நிற்கிறது ஒரு கே.
முன்பு அதற்கும் குரல் இருந்தது,
க்னிஹ்ட் என்று தொண்டையைக் காறித்தான் கூப்பிட்டார்கள்.
குரல் போன பிறகும் பென்ஷன் வாங்கும் எழுத்து.
ஒரு பிள்ளை அதை விட்டுவிட்டான்.
வட்டமிட்டு அரை மதிப்பெண் குறைத்தேன்.

இன்னொருத்தி கட்டுரையில்
மாமா 'ஜஸ்ட் நவ்' வருகிறேன் என்கிறார்,
மூன்று பத்தி தாண்டியும் வரவில்லை.
லண்டனில் அதற்கு இப்போதுதான் என்று பொருள்.
இங்கே, பிறகு பார்க்கலாம்.
உடனே வேண்டுமென்றால் 'நவ்-நவ்',
ஆஃப்ரிகான்ஸ்காரன் வாயிலிருந்து எங்களுக்கு ஒட்டிக்கொண்டது.
விடைக்குறிப்பு அதைப் பிழை என்கிறது.
என் பேனா கொஞ்சம் தயங்கியது,
அவ்வளவுதான். கோடு போட்டேன்.

(இதைத் தமிழில் எழுதுகிறேன்.
நாற்பது வயதுக்குமேல் சனிக்கிழமை வகுப்பில் கற்ற தமிழ்.
பிழையிருந்தால் நீங்களும் வட்டமிடலாம்.)

நான்காம் கேள்வி:
கீழ்க்காணும் சொல் ஆங்கிலத்துக்கு எம்மொழியிலிருந்து வந்தது?
சொல்: கூலி.
விடைக்குறிப்பு: இந்தி. ஒரு மதிப்பெண்.

அந்தத் தாளில் பெயர் இல்லை, எண் மட்டும்.
முப்பாட்டனுக்கும் எண்தான் இருந்தது.
சாய்ந்த கையெழுத்தில் பிள்ளை எழுதியிருந்தாள், அல்லது எழுதியிருந்தான்:
"தமிழ். அர்த்தம், சம்பளம்.
அவர்கள் பணத்தின் பெயரை எடுத்து
ஆளுக்கு வைத்துவிட்டார்கள்.
பணத்தை வைத்துக்கொண்டார்கள்."

மின்விசிறி ஒரு சுற்று விட்டுச் சுற்றியது.
அகராதிக்கே இதில் சந்தேகம்,
தமிழ் என்றும் போட்டிருக்கிறது,
குஜராத்தில் ஒரு சாதிப் பெயர் என்றும்.
தாளை எடுத்துக்கொண்டு
தலைமைத் திருத்துநர் ம்கீஸேயிடம் போனேன்.
படித்தார். கண்ணாடியைக் கழற்றித் திரும்பப் படித்தார்.
"எங்கள் ஜூலுவிலும் இருக்கிறது," என்றார்,
"அமாக்குலா. சின்ன வயதில் தெருவில்
உங்கள் ஆட்களைப் பார்த்து நானும் கத்தியிருக்கிறேன்.
சம்பளம் என்று தெரியாது."

நான் ஒன்றும் சொல்லவில்லை.
சொல்ல இருந்த எல்லா மொழியிலும்
அந்த நேரத்தில் கே ஊமையாய் இருந்தது.

ஒரு மதிப்பெண்தான் அதிகபட்சம்.
அவர் ஒன்று போட்டார், பக்கத்தில் கையெழுத்திட்டார்.
"நைஸ்," என்றார் மெதுவாக.
நைஸ் என்றால் முன்காலத்தில் முட்டாள் என்று அர்த்தம்.
இன்று அதை அவரிடம் சொல்லவில்லை.

மாலையில் உம்கேனி சாலையில் ரோபாட் சிவப்பு.
போக்குவரத்து விளக்குக்கு இங்கே அதுதான் பெயர்,
வெளியூர்க்காரன் இயந்திர மனிதனைத் தேடுவான்.
செக் மொழிச் சொல். அங்கே அதன் வேர்
பண்ணையாருக்குச் செய்து தீர வேண்டிய
கூலியில்லா வேலை.
எத்தனை வருடமாய் இதன் கீழ் நின்று போகிறேன்,
இன்றுதான் அண்ணாந்து பார்த்தேன்.

பின்னால் மினிபஸ் டாக்ஸிக்காரன் ஹாரனை அழுத்தி
என்னமோ கத்துகிறான்.
பாதி ஜூலு, பாதி ஆங்கிலம்,
நடுவில் ஒரு சொல் எதிலும் சேரவில்லை.
புதிது போலிருக்கிறது.
வீட்டுக்குப் போய் எழுதி வைக்க வேண்டும்,
ஸ்பெல்லிங்
யோசித்துக்கொள்ளலாம்.