முதலெழுத்து

நாலாம் வீதிப் பூங்காவின் வளைவில்
சுதையில் புடைத்த எழுத்து:
‘அழ. சித. உபயம், 1938’.
அதற்கு முன்னால் இருந்த ஓர் எழுத்து
எவனோ அடித்த கிரிக்கெட் பந்தில் போய்விட்டது.

‘வெ’ என்றது ஒரு வீடு.
‘மெ’ என்றது பங்காளி வீடு.
இருபத்திரண்டு வருஷம்
தேவகோட்டைக் கோர்ட்டில் தேடினார்கள்.

அதற்குள்
ரேடியோ மண்டபத்தில் ரேடியோ போய்
துடைப்பங்கள் குடிவந்தன.
சறுக்குமரத்தடிப் பள்ளத்தில்
ஐப்பசிக்கு ஐப்பசி தவளை.
லைட் கம்பத்தடி பெஞ்சில் குரூப் ஃபோர் படித்த ரெஜினா
நாலாவது தடவையில் பாஸாகி
திருவாடானைப் பக்கம் வி.ஏ.ஓ.
சர்க்கரைக்காரர்கள் நாங்கள் வலமாகச் சுற்ற
ராவுத்தர் மட்டும் இடமாக வருவார்:
“அப்பத்தானய்யா எல்லார் மூஞ்சியும் தெரியும்.”

போன வெள்ளிக்கிழமை தீர்ப்பு.
‘மெ’தானாம்.
கொத்தனார் ஏணி போட்டு
வெள்ளைச் சிமெண்டில் வைத்துவிட்டுப் போனார்,
கிழவன் வாயில் முளைத்த பால்பல்.

சாயங்காலம்
தோற்ற வீட்டுத் திண்ணப்பன் வந்தார்.
அண்ணாந்து ரொம்ப நேரம் பார்த்தார்.
கோபமெல்லாம் இல்லை.
“அந்தப் பந்தை அடிச்சது யாருன்னு
கடைசிவரைக்கும் தெரியலையே” என்றார்,
குறிப்பாக யாரிடமும் இல்லாமல்.

எந்த எழுத்தென்று
எனக்கும் ஞாபகமில்லை.
நான் அன்றைக்கு
இரண்டு சுற்று கூடுதலாக நடந்தேன்,
இடமாக வந்த ராவுத்தரின்
கண்ணைப் பார்க்காமல்.