நாற்பது பாகை

தோளைக் கொஞ்சம் நிமிர்த்தினால் போதும் என்றான் ஆரின்.
தோட்டாவின் தோளைத்தான்.
மிசௌலாவுக்குப் போய்
துப்பாக்கியின் அறையைக் குடைந்து வாங்கிவந்தான்;
என் பனிக்கால பூட்ஸ் அடுத்த வருடத்துக்குப் போனது.

கோடை முழுக்க ஜல்லிக் குழியில்
நூறு ரவை,
எதையும் குறிவைக்காமல்.
பித்தளை புது உடம்பு எடுக்க வேண்டுமாம்.

"நொடிக்கு எண்பது அடி கூடுதல், தோரா!
கழுத்து நீளாது, அடிக்கடி வெட்ட வேண்டாம்."
உண்மைதான். வெட்டுக்கருவி
மேசை மூலையில் தூசு தின்கிறது.
குழல் சீக்கிரம் தேயும் என்பதை
அவன் சொல்லவில்லை.
விற்கப்போனால் எவனும் தொடமாட்டான் என்பதை
நான் சொல்லவில்லை.

நவம்பரில் மலையேறினோம்.
மருந்தை மணி மணியாய் நிறுத்து அடைத்த பெட்டி
அடுப்படியிலேயே தங்கிவிட்டது.
பெட்ரோல் பங்க்கில் கிடைத்தது
பழைய சாதாரணத் தோட்டா, ஒரே ஒரு பெட்டி.

எல்க் ஒன்று
இருநூறு கஜத்தில் நின்றது.
ஒரு வெடி. முன்னங்கால் மடித்து விழுந்தது,
எந்தத் தோள் என்று கேட்காமல்.

அவன் அதைப் பார்க்கவில்லை.
பனியில் மண்டியிட்டு
வெறுங்கையால் துழாவிக்கொண்டிருந்தான்,
சரிந்த தோளோடு உள்ளே போய்
நிமிர்ந்த தோளோடு வெளியே தெறித்த,
சூடு ஆறாத
அந்த வெற்றுக் கூட்டை.