வாய்தா

ஐந்தரைக்கு எனக்கு முன்னால் விரல்கள் விழித்துவிடும்.
முதலில் வலது நடுவிரல்,
அப்புறம் மணிக்கட்டு,
அப்புறம் பத்தும்,
இரவெல்லாம் யாரோ உள்ளே சிமெண்ட் ஊற்றியதுபோல.
பால் பாக்கெட்டைப் பல்லால் கடித்துக் கிழிப்பேன்.
இளங்கோ பின்னால் நின்று கொக்கி மாட்டுவார்,
சீப்பும் எடுப்பார்.
அவர் போட்ட சடை இடப்பக்கம் சாயும்.
உலகனேரி வரை பஸ்ஸில் அது சாய்ந்தபடியே வரும்.

நீதிமன்றத்தில் நான் சுருக்கெழுத்தாளர்.
இருபத்திரண்டு வருடம்
மற்றவர் வாயின் வேகத்தில் ஓடிய கை.
ஒருநாள் "மேற்படி மனுதாரர்" என்பதோடு பென்சில் நின்றது.
நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.
மின்விசிறி மட்டும் வாதாடிக்கொண்டிருந்தது.
ஜன்னலுக்கு வெளியே யானைமலை.
படுத்த யானை ஏன் எழவில்லை என்று
அன்றைக்குத்தான் விளங்கியது.

ரத்தத்தில் எரிவதற்கு ஓர் எண் கொடுத்தார்கள்: எண்பத்தாறு.
மோதிரம் சதைக்குள் புதைந்துவிட்டது.
தெற்காவணி மூல வீதிப் பட்டறையில்
தண்ணீர் விட்டு விட்டு அறுத்தார் ஆசாரி.
"ஒட்டணும்னா கொண்டாங்க தாயி."
தீப்பெட்டியில் போட்டு வைத்தேன்.

ஒத்தக்கடை சித்த மருத்துவப் பிரிவில்
டாக்டர் பரக்கத் நிஷா வீங்கிய விரல்களை விட்டுவிட்டு
மணிக்கட்டில் மூன்று விரல் வைத்துக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.
"பெரியாஸ்பத்திரி மாத்திரையை நிறுத்திராதீங்க,
அதுவும் உங்க பக்க வக்கீல்தான்.
சரி, ராத்திரி என்ன சாப்பிடுவீங்க?"
"இட்லி."
அவர் எழுதவில்லை. காத்திருந்தார்.
எத்தனை குறுக்கு விசாரணை எழுதியிருக்கிறேன்,
அந்த மௌனம் எனக்குத் தெரியும்.
"புரோட்டா. சால்னா. வாரத்துல நாலு நாள்.
கேன்டீன்ல வடை.
அஞ்சு டீ, சீனி தூக்கலா.
தூக்கம் ரெண்டு மணிக்கு மேல."
வாக்குமூலத்தைப் படித்துக் காட்டாமலே கையெழுத்துப் போட்டேன்,
கோணலாக.

பத்தியம்.
மைதா கூடாது, சீனி கூடாது, புளி குறைச்சல்,
கருவாடு பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது.
இரவு எட்டுக்கு மேல் வாய்க்குப் பூட்டு.
முடக்கத்தான் அரைத்து ஊற்றிய தோசை
பச்சையாக, கசப்பை ஒளித்துக்கொண்டு.
"ஆட்டுக்குப் போடுறதையா அக்கா?" என்று
டிபன் பாக்ஸை எட்டிப் பார்த்தான் எபநேசர்.
முடக்கு அறுத்தான் என்பதுதான் பெயராம்.
தீர்ப்பைப் பெயரிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள்.
நான் உடனே நம்பவில்லை,
முதல் எதிரியின் பெயர் சத்தியசீலன் என்று
எத்தனை தடவை எழுதியவள்.

நரசிங்கம் ரோட்டு வேலியில் நொச்சி ஒடித்து வந்து
வதக்கித் துணியில் முடிந்து
ஒற்றடம் கொடுப்பார் இளங்கோ,
தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டே.
சில இரவு சூடு. சில இரவு வெறும் இலை வாசம்.
மூன்று மாதம் ஒன்றும் நடக்கவில்லை.
நான்காவதில் மேலூர்க் காதுகுத்து,
ஒரே ஒரு தட்டுக் கிடாக்கறிச் சோறு;
அடுத்த மூன்று நாள் தம்ளரைத் தூக்க முடியவில்லை.
கறியா, பயண வெயிலா, நாத்தனார் சொன்ன ஒரு சொல்லா?
நிரூபிக்கப்படவில்லை.

அதற்கப்புறம் ஒரு செவ்வாய்க்கிழமை
பால் பாக்கெட் மூலையை நகத்தால் கிள்ளினேன்.
கிழிந்தது.
பால் பொங்கி வழிந்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

இப்போது எண் முப்பத்தொன்று.
மாத்திரையா, இலையா, பத்து மணித் தூக்கமா,
யார் ஜெயித்தது என்று நான் கேட்கவில்லை.
மோதிரம் நுழையும். ஒட்டக் கொடுக்கவில்லை.
தீப்பெட்டிக்குள் வாய் திறந்தபடி கிடக்கிறது.
கிடைத்தது தீர்ப்பில்லை, வாய்தா
என்று விரலுக்குத் தெரியும்.
சடை போட வருகிறது என்பதை
இளங்கோவிடம் இன்னும் சொல்லவில்லை.

நேற்று அலமாரி மேல்தட்டில்
ஒரு வருடமாக மூடி இறுகிக் கிடந்த
நார்த்தங்காய் ஊறுகாய் பாட்டில்.
திருகினேன். திறந்தது.
"அது கூடாதுல்ல?" என்றார் இளங்கோ.
"தெரியும்" என்று மூடினேன்.
திரும்பத் திறந்தேன்.
திரும்ப மூடினேன்.