அசையாமல் நாற்பது நிமிடம்

இரவு பதினொன்றே காலுக்கு
சரக்கு லிஃப்ட் வழியாக அழைத்து வந்தார்கள்.
மில்வாக்கியில் அன்று ஏரிக்காற்று
கதவைப் பிடுங்கிக்கொண்டு போகப் பார்த்தது.
குனிந்துதான் நுழைந்தான் லமாண்ட் குவார்ல்ஸ்.
என் ஸ்கேன் அறையின் நிலை ஆறடி எட்டங்குலம்;
அவன் அதற்கும் இரண்டு விரல் மேலே.

சங்கிலி, கடுக்கன், கைக்கடிகாரம்
எல்லாம் நீல பிளாஸ்டிக் தட்டுக்குப் போயின.
உடம்பில் உலோகம் ஏதும் உண்டா என்றேன்,
எல்லோரையும் கேட்பதுபோல.
"கை இரண்டும் இரும்பென்று
போன மாதம் எழுதினார்களே" என்றான்.
இடது காலுறையின் ஓட்டையில்
பெருவிரல் எட்டிப் பார்த்தது.

நான்கு ஆண்டு. பதினாறு கோடி டாலர்.
கையெழுத்துக்குமுன் முழங்காலைப் பார்த்துவிட வேண்டுமாம்.
தானமாக வந்த மாட்டைத்தானே
பல் பிடித்துப் பார்க்கக் கூடாது என்று
மனசு ஒரு வரி சொல்லிவிட்டது.
வெட்கமாயிருந்தது.
பெயர் சொல்லி அழைத்து,
போர்வை இன்னொன்று வேண்டுமா என்று கேட்டேன்.

இடுப்புவரை குழாய்க்குள்.
ஓடவும் தாவவும் சம்பளம் வாங்குகிறவன்
இனிச் சம்பளம் வாங்க
நாற்பது நிமிடம் அசையாமல் கிடக்க வேண்டும்.
இயந்திரம் தகரக் கூரையில் ஆலங்கட்டிபோல் இடித்தது.
அவன் கண்ணை மூடவில்லை;
மேலே, கூடை இல்லாத வெற்றுச் சுவரில்
எதையோ குறிபார்த்துக்கொண்டிருந்தான்.

திரையில் வந்தது.
தெருத்தெருவாக நடந்து தேய்ந்த
செருப்பின் குதிகால் மாதிரி
ஒரு பக்கம் மட்டும்.

"எப்படி இருக்கிறது?"
"டாக்டர் சொல்வார்."
பத்தொன்பது வருடமாகச் சொல்லும் பதில்.
ஆனால் இவன்
எதிராளியின் தோளசைவைப் பார்த்தே
எந்தப் பக்கம் திரும்புவான் என்று கண்டுபிடிக்கிறவன்.
என் முகத்தைப் பார்த்தான்.
தட்டை எடுக்கிற சாக்கில்
முதுகைக் காட்டிக்கொண்டேன்.

காலையில் தெருக்கோடி பேக்கரியில்
ஊரே நீதிபதி.
"அந்தக் காசில் என் வழித்தடத்துக்கு
முப்பது வருஷம் பஸ் விடலாம்," ஆர்வில் சொன்னார்,
சீருடையில் மாவு உதிர.
"உன் பஸ்ஸைப் பார்க்கப்
பதினெட்டாயிரம் பேர் டிக்கெட் வாங்குவார்களா?"
கல்லாவிலிருந்து யாத்விகா.
இருபத்தொன்பது வயசு, இனி இறங்குமுகம் என்றது ஒரு குரல்.
அவனை விட்டால் வேறு யார் என்றது இன்னொன்று.
கிளப் முதலாளி
ஜாடி மூடி செய்து பணக்காரரானவர்.
அவர் முழங்காலை
இதுவரை யாரும் படம் எடுக்கவில்லை.
இதை மட்டும் ஏனோ ஒருவரும் சொல்லவில்லை.

"டனூட்டா, நீ என்ன நினைக்கிறாய்?"
வாயில் பன் இருந்தது.
சட்டமும் இருந்தது.
மென்றேன்.

ரசீதின் பின்பக்கம்
பதினாறு கோடியை என் சம்பளத்தால் வகுத்துப் பார்த்தேன்.
மணிக்கு முப்பத்தெட்டு டாலர்;
இரண்டாயிரத்துச் சொச்சம் ஆண்டு வந்தது.
அந்தக் குருத்தெலும்பால் வகுக்கலாமென்றால்
மில்லிமீட்டரில் வகுக்க எனக்குத் தெரியவில்லை.

டாக்டர் என்ன எழுதினாரோ,
வெள்ளிக்கிழமை கையெழுத்தாயிற்று.
புகைப்படத்தில் பேனா
அவன் விரல்களுக்கிடையில் பல்குத்தும் குச்சிபோல.
மேஜைக்கடியில் கால் தெரியவில்லை.

மார்ச்சில்
அக்காவுக்கு வர முடியாமல் போன டிக்கெட்
என் கைக்கு வந்தது.
கூரைக்குப் பக்கத்து வரிசை.
ஒன்பது நொடி மிச்சம், ஒரு புள்ளி பின்னால்.
பந்து அவனிடம் வருமென்று
சோடா விற்கிறவனுக்குக்கூடத் தெரியும்.

தாவினான்.
பந்து அவன் விரலைவிட்டு மேலேறியதும்
பதினெட்டாயிரம் முகங்களும் கூடவே ஏறின.
நான் கீழே பார்த்தேன்,
இடது கால் வந்து இறங்கப்போகும் இடத்தை.

இறங்கியது.
மடங்கியது.
கொஞ்சம் அதிகமாகவே மடங்கியது.
பிறகு
மெல்ல
நிமிர்ந்தது.

அரங்கம் எழுந்து கத்திக்கொண்டிருந்தது.
சந்தோஷமா, கோபமா?
பந்து விழுந்ததா என்று
பக்கத்து இருக்கைக்காரரைக்
கேட்க வேண்டியிருந்தது.