எடைப் பிழை

முத்தூர் தாண்டி, வெள்ளகோவிலுக்கு முன்னால்
எட்டுத் தறி ஓடும் தகரக் கொட்டகை.
அதன் பின்னறையில் எடை போட்டேன்:
அறுபத்திரண்டு கிலோ. கிலோ பதினான்கு.
எண்ணூற்று அறுபத்தெட்டு ஆயிற்று.
சில்லறை இல்லையென்று எண்ணூற்று எழுபதாகக் கொடுத்தேன்.
அந்த இரண்டு ரூபாய்த் தாராளத்தை
வழியெல்லாம் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பஞ்சாங்கம், கூட்டுறவுச் சங்க ரசீது,
பிள்ளைகள் படித்து முடித்த பத்தாம் வகுப்புக் கைடு,
நடுவே, அட்டை போய், மஞ்சள் பையில் சுற்றி
கல்லச்சில் போட்ட மாட்டு வாகடம் ஒன்று.
முப்பத்தாறு காளைப் படம்.
சுழிகளுக்கெல்லாம் செம்மசிக் குறி.
நானறிய இதற்கு இன்னொரு பிரதிதான் உண்டு.
அதில் கடைசி எட்டுப் பக்கம் இல்லை.
இதில் இருந்தது.

எனக்கு அப்போதே தெரியும். அந்த அறையிலேயே தெரியும்.
பல்லைப் பிடித்துப் பார்ப்பவன்போல்
ஓரத்தை ஒரு நொடி விலக்கிவிட்டு
பஞ்சாங்கங்களுக்குள் திரும்பச் செருகினேன்.
புத்தகம் முந்நூற்றைம்பது கிராம் இருக்கும்.
என் முகத்தை எடை போட அங்கே தராசு இல்லை.

ஈரோடு வரைக்கும் எனக்கு நானே வக்கீல்.
நான் எடுக்காவிட்டால் கடலைப் பொட்டலம்.
இருபத்தாறு வருஷம் தூசி தின்ற கண்,
அதற்குக் கூலி கிடையாதா?
நூறு மூட்டை வாங்கினால் தொண்ணூற்றொன்பது குப்பை,
அந்த நஷ்டத்தில் எந்த வீடு பங்கு கேட்டது?
பொய் ஒன்றும் சொல்லவில்லையே.
அவள் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.
மொடக்குறிச்சி வருவதற்குள் கேஸை ஜெயித்துவிட்டேன்.

மூன்றாம் மாதம், கோயமுத்தூரில் ஒருவர்
தொண்ணூற்றோராயிரத்துக்குச் சம்மதித்து
கடைசிப் பக்கம் வந்ததும் உதட்டைப் பிதுக்கினார்.
பென்சில் எழுத்து:
"மயிலை. ரெண்டு பல்லு. வலது தோளில் சுழி.
கண்ணபுரம் சந்தையில் 140க்கு முடிஞ்சது.
வாங்குனவருக்குச் சுழியைக் காட்டியாச்சு."
"கறை," என்றார். ஆயிரம் குறைத்தார்.

கண்ணபுரத்தில் துண்டுக்குள் விரல் பேசும்.
அங்கே மறைவில் இருப்பது விலை மட்டும்.
மாடு வெயிலில் நிற்கும்,
வாலை முறுக்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம்.
நான் விலையை வாய் நிறையச் சொல்லிவிட்டு
மாட்டைத் துண்டுக்குள் போட்டவன்.

சித்திரையில் போனேன். கவரில் இருபதாயிரம்.
"அன்னைக்கு எடையில கொஞ்சம் பிழையாயிருச்சுங்க."
சம்பூரணம் நூல் முடிச்சைப் பல்லால் கடித்துத் துப்பிவிட்டு
எண்ணினாள். இரண்டு தடவை.
"கிலோ பதினாலுன்னா, இது ஆயிரத்து நானூறு கிலோவுக்கு மேல வருதுங்களே.
அத்தனை கனத்த அந்த ரூமு எங்கீங்க தாங்கும்?"
நான் தரையில் கிடந்த பஞ்சுப் பிசிறைப் பார்த்தேன்.
"எங்க மாமன் மாட்டுத் தரகுக்குப் போயிட்டிருந்தவருங்க.
அவரு வெச்சிருந்ததுல ஒண்ணுதானுங்களே?"
தலையாட்டினேன்.

அப்போதுதான் தறியிலிருந்து இறங்கிய துண்டுகள்
அவளுக்குப் பின்னால் அடுக்கி இருந்தன.
ஒன்றை எடுப்பாளோ, விரலை நீட்டச் சொல்வாளோ என்று
கையைப் பையிலேயே வைத்திருந்தேன்.
"வாயில சொல்லுங்க," என்றாள். "எவ்வளவுக்குப் போச்சு?"

சொன்னேன்.
தறிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை.
கேட்காதபடிக்குத்தான் சொன்னேன்.
சொன்னது நாற்பதாயிரம்.

"கேக்கலீங்க. இருங்க, வாறேன்."
கவரை என் கையிலேயே திருப்பி வைத்துவிட்டு
ஒவ்வொரு தறியாய் நிறுத்திக்கொண்டு போனாள்.
ஐந்து நின்றது. ஆறு.
ஏழாவதில் இழை அறுந்திருந்தது, குனிந்து அதை முடிந்தாள்,
அவசரமே இல்லாமல், பிறகு நிறுத்தினாள்.

இன்னும் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது.