எட்டு மைக்ரான்

காயம் என்றுதான் இதற்குப் பெயர்.
ரத்தம் வராது. யாரும் கத்த மாட்டார்கள்.
தட்டின் அடியில் செல்கள் தோளோடு தோள் நெருங்கி
ஊசி நுழைய இடமில்லாமல் ஆனபிறகு
பிப்பெட்டின் மஞ்சள் முனையால் ஒரே இழுப்பு.
இழுக்கும்போது மூச்சு விடக்கூடாது.
நோம்ஃபுண்டோ இழுத்தால் ரயில் தண்டவாளம்.
நான் இழுத்தால் உம்கேனி ஆறு.

உதிர்ந்தவற்றைக் கழுவிவிட்டு
பூஜ்ய மணி என்று எழுதிக்கொள்கிறோம்.
பிறகு ஆறு, பன்னிரண்டு, பதினெட்டு.
பதினெட்டு எப்போதும் என் தலையில்தான் விழும்:
இரவு இரண்டரை,
உம்பிலோ சாலையில் ஒரு டாக்சிகூட ஹாரன் அடிக்காத நேரம்.

இடைவெளி மூடினால் மட்டும் போதாது.
வந்து மூடினவையா,
கரையிலேயே பெருகி மூடினவையா?
பேராசிரியர் அதைத்தான் கேட்பார்.
அதனால் பிரிவதைத் தடுக்கும் மருந்தை
முன்னதாகவே இரண்டு மணி நேரம் ஊற்றிவைக்கிறோம்.
பிள்ளை பெறாதே. நட.
அவ்வளவுதான் கட்டளை.

வியாழக்கிழமைகளில் வேறு சோதனை.
கிண்ணத்துக்குள் கிண்ணம்,
நடுவே எட்டு மைக்ரான் துளைகள் போட்ட சவ்வு.
மேலே பட்டினி, கீழே கன்றுக்குட்டிச் சீரம்.
சவ்வின் மேல் ஒரு ஜெல் பூசவேண்டும்,
குளிரில் தண்ணீர், உடல்சூட்டில் கெட்டி.
ஐஸ்மேல் வேலை செய்து விரல் மரத்துப்போகும்.
திசுவைப் போல் ஒரு வேலி அது.
தன்னிடம் சுரப்பதைக் கொண்டே அதை அரித்து
செல் வழி பண்ணிக்கொள்ளவேண்டும்.
மறுநாள் பஞ்சுக்குச்சியால்
மேற்பக்கத்தைத் துடைத்துவிடுகிறேன்.
தங்கிவிட்டவை குச்சியோடு குப்பைக்கு.
கீழே ஒட்டியிருப்பவற்றுக்கு ஊதாச் சாயம்.
கடந்தவை மட்டும் கணக்கு.

சங்கத்து ஆண்டுமலருக்குக் கட்டுரை கேட்டு வந்த
லோகன் கோவெண்டர்
இடப்பெயர்ச்சி என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.
கப்பல், கரும்பு, ஒப்பந்தம்...
"நம்ம கதைதானே இது?"
இல்லை என்றேன்.
இவை யாரோ ஒருவரின் உணவுக்குழாயில் தொடங்கியவை,
போய்ச் சேர்ந்த இடத்தையெல்லாம் கெடுத்தவை.
படையெடுப்பு என்ற சொல்லை
இந்த ஊரில் நம்மேல் ஒருமுறை ஒட்டிப் பார்த்துவிட்டார்கள்.
நானும் அதை எடுத்து ஒட்டமாட்டேன்.
அவர் பேனாவை மூடிக்கொண்டு
டீ நன்றாக இருக்கிறது என்றார்.

ஆனாலும் அன்று மாலை
ஊதாப் புள்ளிகளை எண்ணும்போது
நூற்றுப் பதினொன்றில் கை நின்றது.
எண்ணிக்கை தவறி மறுபடி ஒன்றிலிருந்து.

நேற்று சரியாக இரண்டரைக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டர் இன்குபேட்டரை மட்டும் காப்பாற்றும்,
மைக்ராஸ்கோப்புக்குச் சோறு போடாது.
ஜன்னலில் துறைமுகத்தின் பாரந்தூக்கிகள் மட்டும்
தங்கள் சொந்த வெளிச்சத்தில்.
காவலாளி ம்கீஸே டார்ச் அடித்து
பூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்.

விளக்கு வந்தபோது நாலரை.
மருந்தில்லாத குழியில்
இரு கரைகளும் ஒன்றையொன்று தொட்டிருந்தன.
எப்போது தொட்டன, யார் முதலில், தெரியாது.
பதினெட்டை அடித்து இருபது என்று எழுதினேன்.
காரணம்: மின்வெட்டு.
இருட்டில் என்ன நடந்தது என்று காலையில் கேட்பார்கள்.
அவைதான் நடந்தன.

மருந்து ஊற்றிய குழியில்
என் உம்கேனி இன்னும் திறந்தே கிடந்தது,
என் கை நடுங்கிய இடத்தில்
ஒரு வளைவோடு.