சமதளம்

பத்தொன்பது வருடம் படிக்கட்டுகளில் நடந்தவள் நான்.
வால்பரைசோ மலைகளில் தெரு என்பதே
பாதிக்குமேல் படிக்கட்டுதான்.
தோளில் தபால் பை, மழையில் வழுக்கும் பாசி,
பிடித்துக்கொள்ளக் கம்பி இல்லாத வளைவுகள்.
எதிலும் விழவில்லை.

விழுந்தது வங்கி வரிசையில்.
மெழுகிட்ட தரை, குண்டூசி வைத்தாலும் உருளாது.
பேனா எடுக்கத் திரும்பினேன்.
இடது பாதம் உள்ளே மடங்கியது,
மொத்த உடம்பும் அதன்மேல் இறங்கியது.
ஈரத்துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம்
எனக்கு மட்டும் கேட்டது.
காவலாளி நாற்காலி கொண்டுவந்தார்.
வரிசையில் என் இடம் போய்விட்டது.

முதல் வாரம்
உறைந்த பட்டாணிப் பொட்டலம், இரண்டு தலையணை,
கத்திரிப்பூ நிறத்தில் கணுக்கால்.
பக்கத்து வீட்டு நோல்ஃபா எட்டிப் பார்த்து
"சுளுக்குதானே" என்றாள்.
வீக்கம் வடிந்துவிட்டது.
அந்தத் "தானே" இன்னும் வடியவில்லை.

பிறகு மருத்துவமனையின் அடித்தளம்.
பயிற்சி தரும் யெர்கோவுக்கு முப்பதுகூட இராது.
என் பெருவிரலைத் தொட்டுச் சொன்னார்:
"இது பேனா. காற்றில் எழுதுங்கள்,
முதல் எழுத்திலிருந்து கடைசிவரை."

எழுதினேன்.
எங்கள் எழுத்துகளில் ஒன்றுக்குத்
தலைமேல் ஒரு சிறிய அலை உண்டு.
அந்த அலையில் உயிர் போய் வந்தது.
மூன்றாம் நாள் எழுத்துகள் அலுத்துவிட்டன,
முகவரிகள் எழுதத் தொடங்கினேன்:
கொல்லர் ஏற்றம், எழுபத்திரண்டு, பச்சைக் கதவு.
உப்புச் சந்து, ஒன்பது, மணி அடிக்காது, தட்டவும்.
"என்ன எழுதுகிறீர்கள் இவ்வளவு நேரம்?"
"பாக்கி" என்றேன்.

அடுத்து ஒற்றைக்காலில் நிற்கச் சொன்னார்.
எனக்கு அது புதிதில்லை,
விவாகரத்துக்காக நாலு வருடம் நின்றிருக்கிறேன்.
அதை அவரிடம் சொல்லவில்லை.
"இப்போது கண்ணை மூடுங்கள்."

மூடியதும் தரை வெறும் வதந்தி ஆகிவிட்டது.
பாதம் இந்தப் பக்கம் விசாரித்தது,
அந்தப் பக்கம் விசாரித்தது,
யாருக்கும் எதுவும் தெரியவில்லை.
நாலு விநாடி. சுவரைப் பிடித்தேன்.

"கிழிந்தது நார் மட்டுமில்லை" என்றார் யெர்கோ.
"எங்கே நிற்கிறோம் என்று கால் அனுப்பும் செய்தியும்
வழியில் தொலைந்துபோகிறது.
மறுபடி வந்துசேர நாளாகும்."
தபால்காரியிடம் சொல்கிறார் இதை.

பல் தேய்க்கும்போது ஒற்றைக்கால்.
சூப் கொதிக்கும்போது ஒற்றைக்கால்.
ஒன்பது விநாடி, பதினொன்று,
மழை பெய்த அன்று திரும்பவும் ஆறு.
மேசைக்காலில் கட்டிய ரப்பர் பட்டையைப்
பாதத்தால் இழுத்து இழுத்து
ஒரு நாள் மேசையே கூட வந்தது.
இடையில் செய்தி வந்தது:
எனக்குப் பதிலாகப் போகிற பையன்
உப்புச் சந்தில் மணியை அடித்துவிட்டு
கடிதங்களைத் திருப்பிக் கொண்டுவருகிறானாம்.

எட்டாம் வாரம் பையை மாட்டினேன், பாதிக் கனம்.
ஏறுவதில் தொல்லையில்லை.
இறங்கும்போதுதான் ஒவ்வொரு படியும்
கையெழுத்துக் கேட்டது.

கொல்லர் ஏற்றத்தின் நடுவில் படுத்திருக்கும் நாய்,
இத்தனை வருடம் என் காலடிக்குக்
காதைக்கூட அசைக்காத நாய்,
எழுந்து நின்று குரைத்தது.
அதன் கணக்கில் வருவது வேறு யாரோ.
வலதை அழுத்தி,
இடதை இரவல் பொருள்போல வைக்கிற யாரோ.

நின்றேன்.
கடலைப் பார்த்தபடி இடது காலை ஊன்றி
வலதைத் தூக்கிக் கண்ணை மூடினேன்.
ஐந்து. ஆறு.
கீழே துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது.
பத்து.
குரைப்பு நின்றது.
பதினான்கில் கண்ணைத் திறந்தால்
நாய் உட்கார்ந்து
என்ன கூத்து இது என்று பார்த்துக்கொண்டிருக்கிறது.

பச்சைக் கதவுக்கு மின்கட்டணம் வந்திருக்கிறது.
இன்னும் முப்பத்தோரு படி.